பாப்பாவுக்கு, கூனிப்பொடியோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ரங்கூனிலிருந்து அம்மா எழுதுவது. கீழ்வீட்டு அத்தையின் மருமகன் வியாழக்கிழமை சிங்கப்பூர் வருகிறார். அவர் கையில் கூனிப்பொடியும் இந்தக் காகிதமும் கொடுத்துவிடுகிறேன். போனில் பேசலாமே என்பாய். இங்கே கரண்ட் இருக்கும்போது உனக்கு முதியோர் ஹோமில் டூட்டி, நீ ஓய்வாக இருக்கும்போது இங்கே சார்ஜ் இல்லை. கிடைத்தாலும் "நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா", அவ்வளவுதான். மூன்று வாரமாக அதுவும் இல்லை. சரி, வேலை அதிகமாக இருக்கும்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. எண்ணெய் விலையை எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது. நம் இட்லிக் கடையில் தோசைக்கல் மாற்றியாயிற்று.

வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்குப் போனேன். 1871-இல் நம் ஆட்கள் கட்டின கோயிலை வெளிநாட்டார் அண்ணாந்து படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் செருப்புப் பார்க்கிற தாத்தாவை யார் படமெடுக்கிறார்கள்? டோக்கன் கிடையாது, ஒன்றும் கிடையாது, என் செருப்பு ஒரு நாளும் மாறியதில்லை. "முகத்தைப் பார்த்தே செருப்பை எடுத்துத் தருகிறீர்களே தாத்தா, எனக்கு வீட்டுச் சாவியை வைத்த இடமே நினைவிருப்பதில்லை" என்றேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார். "ஏம்மா, கைமாத்து ஏதாவது வேணுமா?" சிரிக்காதே. காரியம் ஆகவேண்டுமென்றால்தானே நாம் புகழ்கிறோம். திரும்பி வந்தபோது என் செருப்பைத் துடைத்து வைத்திருந்தார்.

அதனால்தான் சொல்கிறேன், கூட வேலை பார்க்கிறவர்களிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல். எல்லாருக்கும் ஒரே மாலையைப் போடாதே. உன் அப்பாவுக்கு பஸ் கண்டக்டர் முதல் கடன்காரன் வரை எல்லாருமே தங்கமான மனுஷன். என்னைத் தங்கம் என்றபோது நான் நம்பவே இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல். இன்னொருவரோடு வைத்துப் பேசாதே. "நன்றாக இருக்கிறது, ஆனால்" என்று இழுக்காதே. உன்னிடம் யாராவது நல்லதாகச் சொன்னால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று தட்டிவிடாதே, வாங்கிக்கொள். படுக்கும் முன் உனக்கும் நீயே ஒன்று சொல்லிக்கொள், இன்றைக்கு இதைச் சரியாகச் செய்தேன் என்று. நேரத்துக்குச் சாப்பிடு.

பர்மாக்காரர்கள் தானம் செய்து, நீர் வார்த்துப் புண்ணியத்தைப் பங்கு வைக்கும்போது சுற்றியிருக்கிறவர்கள் "தாது, தாது, தாது" என்பார்கள் இல்லையா? நீ சின்னவளாக இருக்கும்போது இட்லி உப்பி வந்தால் அதற்கும் மூன்று தடவை சொல்வாய். கடையில் ஆள் பார்க்கிறார்கள் என்று நான்தான் அதட்டினேன்.

உன்னால் ஒன்றும் ஆகாது என்று மேலே இருக்கிறவர்கள் சொன்னால், சேர்ந்து நீயும் அதையே சொல்லிக்கொள்ளாதே. யார் சொன்னது என்று கேட்காதே, எனக்கு ஒன்றும் தெரியாது. குழாயைத் திறந்துவிட்டு அழுதால் பக்கத்துப் படுக்கைக்குக் கேட்காது என்று நினைத்தாயா? அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவிடம் சொல்ல உனக்கு "ஆனாதே", அடுத்தவருக்குச் சங்கடம் ஆகிவிடுமோ என்று பர்மாக்காரர்கள் தயங்குவார்களே, அது. இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துக் குடித்து அது உன் எலும்பிலேயே ஏறிவிட்டது.

இல்லை, ஊரைச் சொல்லி என்ன பிரயோசனம். பத்தாவது ரிசல்ட் வந்த அன்று நீ ஓடி வந்தாய், ஆறு பாடத்தில் மூன்று டிஸ்டிங்ஷன். கடையில் கூட்டம். "மீதி மூணு எங்கே?" என்று கேட்டேன். பென்ஷன்காரப் பெரியவர் தட்டை வைத்துவிட்டு "தோ தே" என்றார், கெட்டிக்காரி என்று. நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் உன்னைப் புகழாததற்கு ஆயாவைக் காரணம் காட்டலாம். தன் தம்பிமாரைக் கெட்டிக்காரர்கள் என்று தெருவே சொன்னதால்தான் கண்பட்டு, 1964-இல் பர்மாவை விட்டுக் கப்பலேறிப் போனார்கள் என்பார். கடைகளை சர்க்கார் எடுத்துக்கொண்டதெல்லாம் அவருக்கு ஒரு காரணமே இல்லை. எனக்குக் கண் பயம் அவ்வளவாக இல்லை பாப்பா. கெட்டிக்காரி என்று நானும் சொல்லிவிட்டால் நீ இந்தக் கடையில் நிற்கமாட்டாய் என்று பயந்தேன். நான் சொல்லாமலே இருந்தும் நீ போனாய். ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் மாவு வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பலகையில் உன் பேரைத் தேடி, விரலால் தொட்டுவிட்டு வந்தேன்.

ஒன்று நான் பார்த்ததை எழுதுகிறேன். ஆயாவைக் கடைசி வருஷம் குளிப்பாட்டினது நீ. ஒவ்வொரு தடவையும் தண்ணீரை முதலில் உன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பாய், அப்புறம்தான் அவர் முதுகில். யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. நான் குளிப்பாட்டினால் கத்துகிறவர், உன் கையில் பேசாமல் இருந்தார். எனக்கு அது வரவில்லை, உனக்கு வந்தது. அந்த ஹோமில் உன்னைத் திட்டுகிறவர்களுக்கு வருமா, தெரியாது.

கூனிப்பொடி பாட்டில் மூடி இறுக்கமாக இருக்கிறது. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துத் திற. அந்தப் பெண்ணுக்கும் கொடு.

அம்மா