சூப்பர் அணிகளும் அடகு போன ஆண்டுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாகப் படிக்கக் கிடைப்பது அரிது என்பதால், முதலில் என் நன்றி. ஆனால், நட்சத்திர வீரர்கள் நினைத்தபோதெல்லாம் அணி மாறக் கேட்பதுதான், பல நட்சத்திரங்களை ஒன்றாகச் சேர்க்கும் சூப்பர் அணிகளின் சரிவுக்குக் காரணம் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வீரர் கேட்கலாம், கையெழுத்துப் போடுவது நிர்வாகம். அந்தக் கையெழுத்தில் எத்தனை ஆண்டுகளின் டிராஃப்ட் உரிமை, அதாவது ஆண்டுதோறும் புதிய இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமை, அடகு போகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

புரூக்ளின் நெட்ஸை எடுத்துக்கொள்வோம். 2013-இல் பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் பெறுவதற்காக, 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளையும், 2017-இல் பாஸ்டன் விரும்பினால் தேர்வு வரிசையில் தன் இடத்தைக் கொடுத்து நெட்ஸின் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் அந்த அணி கொடுத்தது. அப்போது கார்னெட்டுக்கு வயது 37, பியர்ஸுக்கு 35. பியர்ஸ் ஒரே ஆண்டில் வேறு அணிக்குப் போய்விட்டார். அதிகம் தோற்கும் அணிக்கு இளம் வீரர்களை முன்னதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கூடும் என்பது டிராஃப்டின் அடிப்படை; நெட்ஸோ தோற்கத் தோற்க, அதன் பலனைப் பாஸ்டன் அறுவடை செய்தது. 2016-இல் மூன்றாவது தேர்வாக ஜெய்லன் பிரவுன் வந்தார். 2017-இல் நெட்ஸின் வழியாகக் கிடைத்த முதல் இடத்தைப் பிலடெல்பியாவிடம் கொடுத்துவிட்டு, மூன்றாவது இடத்தில் ஜேசன் டேட்டமைப் பாஸ்டன் எடுத்தது. 2024-இல் பாஸ்டன் பட்டம் வென்றபோது, இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர் அதே பிரவுன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். நெட்ஸ் மறுபடியும் போனது. 2019-இல் கெவின் டுரான்டும் கைரி இர்விங்கும் வந்தார்கள். 2021 ஜனவரியில் ஜேம்ஸ் ஹார்டனுக்காக மூன்று முதல் சுற்று உரிமைகளும் நான்கு ஆண்டுகளின் இடமாற்ற உரிமைகளும் ஹூஸ்டனுக்குக் கொடுக்கப்பட்டன. மூவரும் சேர்ந்து ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தம் 16.

அந்த ஆண்டு பிளேஆஃப் சுற்றில் மில்வாக்கிக்கு எதிரான, வெற்றியை முடிவுசெய்யும் ஏழாவது ஆட்டத்தை இங்கே விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து பார்த்தவன் நான். இர்விங் காலில் அடிபட்டு வெளியே இருந்தார். ஹார்டன் தொடைத் தசைக் காயத்தோடு ஓட முடியாமல் ஆடினார். ஒரு நொடி மிச்சம் இருக்கையில் டுரான்ட் திரும்பியபடியே எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. மூன்று புள்ளிகள், வெற்றி என்றுதான் நினைத்தேன். ஆனால் அவருடைய காலணியின் நுனி மூன்று புள்ளிக் கோட்டின் மேல் இருந்தது. இரண்டு புள்ளிகள் மட்டுமே, ஆட்டம் சமநிலை, கூடுதல் நேரத்தில் தோல்வி. 48 புள்ளிகள் எடுத்த மனிதர் அந்த ஒரு விரற்கடையில் தோற்றதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அவரைச் சுயநலக்காரர் என்று எழுதுகிறவர்கள் அந்த ஆட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அந்தக் கால் இரண்டு அங்குலம் பின்னால் இருந்திருந்தால் சூப்பர் அணிதான் சரியான வழி என்று எல்லோரும் எழுதியிருப்பார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. என் கவலையே அதுதான்: ஒரு விரற்கடையை நம்பி ஏழு ஆண்டுகளின் டிராஃப்ட் பணயம் வைக்கப்படுகிறது. 2023 பிப்ரவரிக்குள் மூவரும் போய்விட்டார்கள். தடுப்பூசி விவகாரத்தில் இர்விங் சொந்த மைதான ஆட்டங்களை இழந்ததும், ஹார்டனும் டுரான்டும் விலகக் கேட்டதும் உண்மையே. அவற்றை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த மூவருக்கும் வேறு அணிகள் காத்திருந்தன. நெட்ஸ் ரசிகருக்கு வேறு அணி கிடையாது.

இதற்கு நேர் எதிரான கதை ஓக்லஹோமா சிட்டி தண்டர். 2019-இல், கவாய் லெனர்டோடு சேர்ந்து ஆடுவதற்காகப் பால் ஜார்ஜ் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போக விரும்பியபோது, பொது மேலாளர் சாம் பிரெஸ்டி அதைத் தடுக்கவில்லை. உரிய விலையைக் கேட்டு வாங்கினார். ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர், டனிலோ கலினாரி, ஐந்து முதல் சுற்று உரிமைகள், இரண்டு இடமாற்ற உரிமைகள். அதன் பிறகு வந்த ஆண்டுகள் கொடுமையானவை. 2021 டிசம்பரில் மெம்பிஸிடம் தண்டர் 152-79 என்று தோற்றது, என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம் அது. அந்த அணிதான் 2025 ஜூனில் இந்தியானாவை ஏழு ஆட்டங்களில் வென்று பட்டம் பெற்றது. இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளிகள் எடுத்த ஜெய்லன் வில்லியம்ஸ், 2022-இல் கிளிப்பர்ஸ் கொடுத்த உரிமையால் பன்னிரண்டாவது தேர்வாக வந்தவர். பால் ஜார்ஜோ தண்டர் பட்டம் பெறுவதற்கு முந்தைய ஆண்டே கிளிப்பர்ஸை விட்டுப் போயிருந்தார்; கைமாறாக அந்த அணிக்கு ஒரு வீரர்கூடக் கிடைக்கவில்லை.

வேண்டுமென்றே தோற்றுக்கொண்டே இருந்தால் போதும் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். 2015-16-இல் வெறும் 10 ஆட்டங்களை வென்ற பிலடெல்பியா, ஜோயல் எம்பீட் போன்ற வீரரைப் பெற்றும் பிளேஆஃபின் இரண்டாம் சுற்றைத் தாண்ட முடியாமல் தவித்தது. டிராஃப்டில் முதல் இடங்களை முடிவுசெய்யும் குலுக்கலின் விதியும் 2019-இல் மாறியது. கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வுக்கான வாய்ப்பு தலா 14 விழுக்காடு என்று ஆனது. தண்டரின் வெற்றியிலும் டிராஃப்டில் யாருமே எடுக்காத லு டோர்ட் இருக்கிறார், பணம் கொடுத்து அழைத்துவந்த ஐசையா ஹார்டன்ஸ்டைன் இருக்கிறார். டுரான்டைச் சேர்த்து 2017-லும் 2018-லும் வென்ற கோல்டன் ஸ்டேட்டுக்குக்கூட, ஸ்டீபன் கரியும் கிளே தாம்சனும் டிரேமண்ட் கிரீனும் டிராஃப்டில் வந்த சொந்தப் பிள்ளைகள். வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட பிறகு அவர்கள் மாடி எடுத்தார்கள்.

நெட்ஸ் 2025 டிராஃப்டின் முதல் சுற்றில் மட்டும் ஐந்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தது. ஒரே ஆண்டில் இதற்கு முன் எந்த அணியும் அப்படிச் செய்ததில்லை. கட்டுரையாளர் மீண்டும் எழுதுவதாக இருந்தால், நட்சத்திரங்களின் கோபதாபங்களைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த ஐவரைப் பற்றியும், அவர்கள் தேறுவதற்காகக் காத்திருக்கும் புரூக்ளின் ரசிகர்களைப் பற்றியும் எழுதும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை.