அந்தக் கரம்பு காலி இடம் இல்லை, செல்வி

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மல்லாட்டைக்குக் களை எடுத்தாகிவிட்டது. போன வாரம் நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதை அவசரத்தில் சொன்னால் உனக்கு வருத்தமாகப் போய்விடும் என்று தோன்றியது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேட்டுக் கொல்லைக்கு வடக்கே உழாமல் கிடக்கும் கரம்பில் நீயும் ஆபீஸ் நண்பர்களும் சேர்ந்து மரக்கன்று நடலாம் என்கிறாய். குழி எடுக்க ஜேசிபிக்குக்கூடப் பேசிவிட்டாய். நல்ல எண்ணம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன் வயதில் இப்படி ஊரை நினைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? ஆனாலும் கண்ணு, அந்த இடம் வேண்டாம். உன் கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற மண். அங்கே குடித்தனம் நடக்கிறது.

குடியிருப்பது சாம்பல்தலை வானம்பாடி. நீ பார்த்திருப்பாய், பார்த்தும் சிட்டுக்குருவி என்று நினைத்து நடந்திருப்பாய். உருவமும் அலகும் அந்த அளவுதான். பெட்டையைப் பக்கத்தில் வைத்தால் வீட்டுச் சிட்டின் பெட்டைக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல நேரமாகும். ஆணை மட்டும் ஒரு முறை பார்த்தால் போதும், பிறகு மறக்காது. உச்சந்தலை சாம்பல், கன்னம் வெளுப்பு, முதுகு நம் கரம்பு மண்ணின் நிறம். அலகிலிருந்து கண் வழியாக ஒரு கறுப்புக் கோடு பின்னால் ஓடும். தாடையில் தொடங்கி வயிறு முழுக்கக் கறுப்பு. பெரும்பாலான பறவைகளுக்கு முதுகு கறுத்து வயிறு வெளுத்திருக்கும். இதற்கு நேர் எதிர். தரையில் குனிந்து மேயும்போது அந்தக் கறுப்பு தெரியவே தெரியாது. மேலே பறந்தால் வெளிறிய வானத்தில் அதுதான் முதலில் கண்ணில் படும். பெட்டைக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளத்தான் அப்படி அமைந்ததோ என்று எனக்கு ஓர் எண்ணம்.

நடையைக் கவனித்தாலும் அடையாளம் கண்டுவிடலாம். சிட்டு இரண்டு காலையும் சேர்த்துத் தத்தும். வானம்பாடி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, குட்டைக் காலால் விறுவிறுவென்று நடக்கும். இரண்டடி இப்படி, மூன்றடி அப்படி, நடுவில் ஒரு புல் விதையைப் பொறுக்கும். நீ கிட்டப் போனால் உடனே பறக்காது. அப்படியே தரையோடு பதுங்கிவிடும். கண்ணெதிரே இருந்த பறவை காணாமல் போய்விடும். நீ இன்னும் ஓரடி வைத்தால் காலடியிலிருந்து விருட்டென்று கிளம்பும்.

இது மரத்திலோ புதரிலோ உட்காராது. எப்போதாவது கரண்ட் கம்பியில் உட்காரும், அவ்வளவுதான். மேய்வது, தூங்குவது, புழுதியில் குளிப்பது, முட்டையிடுவது எல்லாமே தரையில். நம் கொல்லை வேலிக்காலில் உட்கார்ந்து, திடீரென்று எழும்பிப் பாடிக்கொண்டே மெல்ல இறங்குமே, அது வேறு வானம்பாடி. அதற்குப் புதரும் கட்டையும் வேண்டும். சாம்பல்தலைக்கு வேண்டியது திறந்த வெளி. சரளை மண், அங்கங்கே கட்டைப் புல், நாலாபுறமும் தடையில்லாத பார்வை. நீ நடப்போகும் மரங்கள் அதிலிருந்துதான் அதை விரட்டும்.

மாசியில் காலை ஏழு மணிக்குள் வரப்பில் போய் நின்றால் ஆண் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்கலாம். தரையிலிருந்து படபடவென்று சிறகடித்து நேராக மேலே ஏறும். நம் பனைக்கும் மேலே, நூறடி உயரம் வரைக்கும் போகும். அங்கே சிறகை ஒடுக்கித் தலைகீழாக விழும். விழும்போதே நீளமாக ஒரு சீழ்க்கை. கேட்டால் நெஞ்சை இழுக்கும். தரைக்கு வெகு தூரம் இருக்கும்போதே சிறகை விரித்து வந்த வேகத்திலேயே மேலே எகிறும், இரண்டு மூன்று அடி சிறகடிக்கும், மறுபடி விழும். வானத்தில் ஊஞ்சல் கட்டி யாரோ ஆட்டிவிடுவது போல இருக்கும். கடைசியில் ஒரு மண்ணாங்கட்டி மேல் இறங்கி, எதுவும் நடக்காத மாதிரி நடக்கத் தொடங்கிவிடும். இதைக் காணத்தான் நான் மாட்டைக் கட்டிவிட்டு அந்தப் பக்கம் போகிறேன். அம்மா வயலுக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும்.

கூடு என்று பெயர்தான். புல் தூருக்கோ மண்ணாங்கட்டிக்கோ ஒட்டினாற்போல், உள்ளங்கையில் அடங்கும் ஒரு குழி. உள்ளே மெல்லிய புல் பரப்பியிருக்கும். குழியின் விளிம்பைச் சுற்றிச் சிறு சிறு கற்களைக் கொண்டுவந்து அடுக்கியிருக்கும். அந்தக் கற்களைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்தேன். பொட்டுப் பொட்டாக, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. அலகால் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்திருக்கிறது. இரண்டு முட்டை, சில நேரம் மூன்று. வெளிறிய நிறத்தில் பழுப்புப் புள்ளிகள். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் எங்கே என்று தேடவேண்டும்.

ஆணும் பெட்டையும் மாறி மாறி அடைகாக்கும். பதின்மூன்று, பதினான்கு நாளில் பொரிக்கும். நம்ம ஊர்ப் பங்குனி வெயில் உனக்குத் தெரியும். மதியம் சரளையில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்த நேரத்தில் முட்டையைச் சூடாக்க வேண்டியதில்லை, சூட்டிலிருந்து காப்பாற்றவேண்டும். பறவை எழுந்துவிட்டால் சிறிது நேரத்திலேயே முட்டை கெட்டுப்போகும். ஆகையால் கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று போட்டோ எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. போன வருஷம் சில பையன்கள் கேமராவோடு வந்தார்கள், வரப்பிலேயே நிறுத்திவிட்டேன். கூடு இருக்கும் இடத்துக்கு அடையாளமாகக் குச்சி நட்டுவைக்கலாம் என்றான் ஒருவன். குச்சி நட்டால் முதலில் வந்து உட்காருவது காக்கைதான். அது மேலே இருந்து கீழே பார்க்கும், பிறகு கூட்டில் ஒன்றும் மிஞ்சாது.

குஞ்சுக்கு இரை கொண்டுவரும் பெட்டையைப் பார்த்துத்தான் நான் கூட்டைக் கண்டுபிடித்தேன். வாயில் வெட்டுக்கிளியோடு வந்தது, கூட்டுக்கு நேரே இறங்கவில்லை. கொஞ்சம் தள்ளி இறங்கி, சும்மா மேய்வது போல வளைந்து வளைந்து நடந்து போனது. வளர்ந்த பறவைகள் விதை தின்றாலும் குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டும். குஞ்சுகள் சரியாகப் பறக்கப் பழகும் முன்னரே கூட்டை விட்டு நடந்துவிடும். தரையில் இருக்கும் கூட்டில் எவ்வளவு குறைந்த நாள் இருக்கிறதோ அவ்வளவு பிழைப்பு.

இப்போது மரத்துக்கு வருகிறேன். மரம் நட்டால் என்ன ஆகும்? முதலில் குழி எடுக்கும்போதே சரளை புரளும், கூடுகள் போகும். கன்று வளர்ந்ததும் காக்கைக்கும் வைரி என்கிற வேட்டைப் பறவைக்கும் உட்கார இடம் கிடைக்கும். நிழல் விழுந்த இடத்தில் வேறு செடி ஏறும், கட்டைப் புல் குறையும். ஏரி உள்வாயில் வேலிக்காத்தான், அதுதான் சீமைக்கருவேலம், பரவியதே, அங்கே நான் பையனாக இருந்தபோது வானம்பாடி உண்டு. இப்போது அந்தப் புதருக்குள் ஒன்றுகூட இல்லை. உன் மரம் வேம்பாகவும் புங்கனாகவும் இருக்கலாம், வேலிக்காத்தானோடு அதைச் சேர்த்துப் பேசமாட்டேன். ஆனால் திறந்தவெளிப் பறவைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அரசுக் கணக்கில் இந்த மாதிரி நிலத்துக்குத் தரிசு என்று பெயர். இந்திய அரசே 2000-லிருந்து தரிசு நில வரைபடத் தொகுப்பு வெளியிடுகிறது. புதர் மண்டிய நிலமும் அதில் ஒரு வகை. தரிசு என்று எழுதிய பிறகு அதை எதற்காவது கொடுத்துவிடவேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றிவிடுகிறது. ஒருவர் மனைப்பிரிவு போடலாம் என்கிறார், ஒருவர் கிராவல் எடுக்கலாம் என்கிறார், என் மகள் மரம் நடலாம் என்கிறாள். மூன்றும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே காடை இருக்கிறது, மஞ்சள் மூக்கு ஆள்காட்டி இருக்கிறது, முயல் இருக்கிறது. நம் மாடுகள் மழைக்குப் பிறகு அங்கேதான் மேய்கின்றன. அந்த மேய்ச்சலும் தேவைதான், புல் ரொம்ப உயராமல் இருப்பது அதனால்தான்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும், சந்தோஷப்படுவாய். இந்தப் பறவையை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியதே நம்ம ஊர்ப் பக்கம்தான். பியர் சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் 1774-லிருந்து 1781 வரை இந்தியாவிலும் கிழக்கு நாடுகளிலும் சுற்றினார். 1782-ல் வெளிவந்த பயண நூலில் இதைச் செஞ்சியின் சாம்பல் வானம்பாடி என்று எழுதினார். அதை வைத்துத்தான் ஸ்கோபோலி என்ற அறிஞர் 1786-ல் இதற்கு லத்தீன் பெயர் வைத்தார். செஞ்சிக் கோட்டைக்கு 2025-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபோது ஊரே பட்டாசு வெடித்தது, நானும் மகிழ்ந்தேன். கோட்டை மலை ராஜகிரியின் கல்லுக்குக் கிடைத்த மரியாதையில் கொஞ்சம் அதன் அடியில் நடக்கிற பறவைக்கும் கிடைக்கட்டும். இமயமலை அடிவாரத்திலிருந்து இலங்கை வரைக்கும் சமவெளியெங்கும் இது இருக்கிறது, அழிந்துவிடும் என்ற பட்டியலில் இல்லை. அதனால் கவலை வேண்டாம் என்று விட்டுவிடலாமா? தெற்காசியாவை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. சிட்டுக்குருவி வீட்டுக்குள் கூடு கட்டியதால் எல்லோருக்கும் தெரிந்தது, எல்லோரும் பேசினார்கள். இதற்குப் பேச ஆளில்லை.

உன் பணத்தையும் நண்பர்களின் உழைப்பையும் வீணாக்கச் சொல்லவில்லை. ஏரிக்கரையின் வெளிச்சரிவு வெறுமையாகக் கிடக்கிறது, மண் சரிகிறது. அங்கே பனங்கொட்டை போடலாம். பள்ளிக்கூடத்துச் சாலையின் இரண்டு பக்கமும் புங்கனும் வேம்பும் வைக்கலாம், பிள்ளைகள் வெயிலில்தான் நடக்கிறார்கள். ஓடைக்கரையில் மருதம் நன்றாக வரும். புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும், தண்ணீர் ஊற்றுகிற செலவு குறையும். பஞ்சாயத்தில் நான் கேட்டுவைக்கிறேன், அனுமதி எழுத்தில் வாங்கிவிடலாம்.

கரம்பில் செய்ய வேண்டியது வேறு இருக்கிறது. கிழக்கு மூலையில் வேலிக்காத்தான் கன்றுகள் முளைத்திருக்கின்றன. இப்போதே வேரோடு பிடுங்கினால் போகும், இரண்டு வருஷம் விட்டால் மெஷின் வேண்டும். உன் நண்பர்கள் வரட்டும், ஆனால் புரட்டாசி முடிந்து வரட்டும். மாசியிலிருந்து ஆவணி வரைக்கும் கூடு இருக்கிற காலம், யாரும் உள்ளே இறங்க வேண்டாம். நாய்களை அவிழ்த்துவிடும் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் நான் பேசுகிறேன், அவர் நல்லவர்தான், சொன்னால் கேட்பார்.

மாசி மகத்துக்கு லீவு கிடைத்தால் இரண்டு நாள் வந்துவிட்டுப் போ. பைனாகுலர் ஒன்று கடனாகவாவது வாங்கி வா, என்னுடையதில் ஒரு கண்ணாடி மங்கிவிட்டது. காலையில் ஐந்தரைக்கு எழுப்புவேன், முணுமுணுக்கக் கூடாது. ஜேசிபிக்காரருக்கு நானே போன் செய்து இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். உன் நண்பர்களிடம் நீ சொல்; வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு.

அன்புடன்,
அப்பா