வடக்கே போகவா என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகள்,

நேற்று நீ போனில், "பெரியம்மா, போட்ஸ்ஃபியோர்டில் தாதி வேலை கிடைச்சிருக்கு, போகவா?" என்று கேட்டாய். நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் மாகாணத்துக் கரையில் இருக்கும் மீன்பிடி ஊர் அது. பக்கத்தில் நின்ற உன் அம்மா, "அங்கே சனம் இருக்கோ?" என்றது எனக்கும் கேட்டது. ஒஸ்லோவில் நம் ஆட்களின் பல வீடுகளில் இதே பேச்சுதான். அதனால்தான் நாலு பேர் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

போ மகள். என் பதில் அதுதான்.

நானும் பெரியப்பாவும் 1988-ல் அங்கே போய் இறங்கினோம். அந்த நாளில் பின்மார்க் கரையோர மீன் பக்டரிகளில் எங்கே பார்த்தாலும் நம் பெடியள் நின்றார்கள். எனக்கு வெளிச்ச மேசையில் வேலை. கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடிப் பலகை அது. தொர்ஸ்க், அதாவது கொட் மீன் துண்டை அதன்மேல் விரித்தால் சதைக்குள் சுருண்டு கிடக்கும் புழு கறுப்பு நூல் மாதிரித் தெரியும். கத்தி நுனியால் கிண்டி எடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் அதுதான். நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்ப முகம் காட்டும். அதுவரை நான் கண்ட வெளிச்சம் பெரும்பாலும் அந்தப் பலகைதான்.

எனக்குப் பக்கத்தில் வயதான ஒரு அம்மா நின்றார். ஹமர்ஃபெஸ்டில் பிறந்தவர். 1944-ல் ஜெர்மன் படை பின்வாங்கும்போது பின்மார்க்கின் பெரும்பகுதியைக் கொளுத்திவிட்டுப் போனது. ஹமர்ஃபெஸ்டில் மிஞ்சியது இடுகாட்டுத் தேவாலயம் ஒன்றுதான். ஆட்களைக் கப்பல்களில் ஏற்றித் தெற்கே அனுப்பினார்கள். சிலர் குகைகளில் ஒளிந்திருந்தார்கள். போர் முடிந்ததும், இப்போது வராதீர்கள் என்று அரசாங்கம் சொல்லியும் சனம் திரும்பி வந்து சாம்பலின் மேல் பலகை வீடு கட்டியது. இதையெல்லாம் அரைகுறை மொழியில், கையால் காட்டித்தான் எனக்குச் சொன்னார். சொல்லி முடித்து, "உங்கள் வீடும் எரிந்ததா?" என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு நாங்கள் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. தேநீர் வேளையில் தன் ரொட்டியில் பாதியை எனக்குத் தந்தார்.

1989-ல் கடலில் தொர்ஸ்க் குறைந்துபோனது. கரை நெடுக ஊர்கள் தவித்தன. வராங்கர் ஃபியோர்டின் தென்கரையில் பூகொய்னஸ் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ச் சனம் சேர்ந்து பத்திரிகையில் விளம்பரம் போட்டது. எங்களை மொத்தமாக எடுத்துக்கொள்ள எந்த ஊராவது இருக்கிறதா என்று! அதை யாரோ வாசித்துச் சொன்னபோது மேசையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. நல்ல காலம், பூகொய்னஸ் கலையவில்லை. 1960-களில் சோவியத் விஞ்ஞானிகள் பாரென்ட்ஸ் கடலில் கொண்டுவந்து விட்ட ராட்சத நண்டு மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்து அவர்கள் வலைகளைக் கிழித்தது. பிறகு அதே நண்டுதான் அவர்களுக்குச் சோறு போட்டது. இன்று உயிரோடு விமானம் ஏறி வெளிநாடு போகிறது.

நாங்கள் ஆறு வருடத்தில் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டோம். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, கோயில், சொந்தபந்தம், எல்லாக் காரணமும் உண்மைதான். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். இருந்த நாளெல்லாம் எப்போது வெளிக்கிடுவோம் என்று எண்ணியபடியே இருந்தோம். அந்த ஊர்மேல் மனசு வைக்கவே இல்லை. புறப்பட்ட அன்று அந்த அம்மா இறங்குதுறைக்கு வந்தார். அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு முடியவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அங்கே போய் இருந்தால் படிப்புக் கடனில் வருடம் 10 சதவீதம், ஒரு வரம்புக்குள், கழித்துவிடுவார்கள். 1990-லிருந்து அந்தச் சலுகை உண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து பாலர் பள்ளியும் இலவசம். அதை நினைத்துப் போவதில் தப்பே இல்லை. ஆனால் பின்மார்க் முழுக்கச் சுமார் 48,000 சதுர கிலோமீட்டரில் 75,000 சனம்தான் என்றால் என்ன அர்த்தம் என்று யோசி. பெரிய ஆஸ்பத்திரி ஹமர்ஃபெஸ்டிலும் ஷிர்கெனஸிலும்தான். புயல் அடித்தால் மலைப் பாதையை மூடுவார்கள். கொஞ்சம் தணிந்தால் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் கார்கள் வரிசையாக ஊர்ந்து போகும். விமானமும் இறங்காத இரவில் ஒரு கிழவருக்கு மூச்சு முட்டினால், உன்னைப் போல ஒரு பிள்ளைதான் அங்கே நிற்க வேண்டும்.

சரி, சாமான் கட்டும்போது சப்பாத்துக்குப் போடும் ஆணிப் பட்டை மறக்காதே, பனிக்கட்டியில் வழுக்கும். செத்தல் மிளகாய், கறித்தூள் நான் இடித்துத் தருகிறேன். பனிக்கால முடிவில் மீன் வரும் நாளில் துறைக்குப் போய்ப் பார். சின்னப் பிள்ளைகள் மீன் தலையை ஆணியில் குத்தி ஒரே இழுவையில் நாக்கை வெட்டி எடுப்பார்கள், கைச்செலவுக்கு. தலை குவிந்து கிடக்கும். வெட்கப்படாமல் இரண்டு கேள், தருவார்கள். புளி விட்டுக் குழம்பு வை. பக்கத்து வீட்டுக்கும் ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடு. நாங்கள் அதைச் செய்யவில்லை.

அன்புடன்,
பெரியம்மா