மழைக்கு முன் ஒலிப்பதிவுக் கருவிகளைத் திரும்பப் பொருத்த அனுமதி கேட்டு நான்காவது மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட வன அலுவலர் அவர்கள்

அனுப்புநர்: ஓடைப் பகுதி ஒலிப்பதிவுத் தன்னார்வலர்கள்

பொருள்: ஓடைக்கரையிலும் எதிர்ச்சரிவிலும் இருந்த ஒலிப்பதிவுக் கருவிகளை மீண்டும் பொருத்த அனுமதி வேண்டுதல் – தொடர்பாக

பார்வை: எங்களின் முந்தைய மூன்று மனுக்கள் (பதில் வரவில்லை)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மனுவைத் தங்களுக்கு முன்பு இருந்த அலுவலரிடம் நேரில் கொடுத்தோம். இரண்டாவதை ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினோம், அட்டை மட்டும் திரும்பி வந்தது. மூன்றாவதைத் தாங்கள் பொறுப்பேற்ற வாரத்திலேயே கொண்டுவந்து கொடுத்தோம். ஓடைப் பகுதி தங்களுக்குப் புதிதில்லை. மரப்பாலம் வரை நடந்தே வந்து, எதிர்ச்சரிவில் துறை நட்ட கன்றுகளைப் பார்த்துவிட்டுப் போனீர்கள் என்று காவலர்கள் சொன்னார்கள். அதனால் இடத்தைப் பற்றி எழுதாமல் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

1. தவளை, பறவை, பூச்சிகளின் குரலைப் பதிவு செய்யும் எங்கள் பன்னிரண்டு கருவிகள், துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதியோடு, இரண்டு மழைக்காலம் அங்கே இருந்தன. அனுமதி முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்தோம். உத்தரவு வரும்வரை கழற்றி வைக்கச் சொன்னார்கள், கழற்றினோம். ஒரு வருடம் ஆகப்போகிறது.

2. கருவி என்றதும் பெரிதாக எதையோ காட்டுக்குள் கொண்டுபோகிறோம் என்று கோப்பைப் பார்ப்பவர்கள் நினைத்திருக்கலாம். எங்களிடம் இருப்பது ஆடியோமாத். பிரிட்டனில் சவுத்தாம்ப்டன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கி, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வடிவமைப்பை வெளியிட்ட கருவி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, மூன்று பென்டார்ச் பேட்டரி, ஒரு மெமரி கார்டு, அவ்வளவுதான். ஆணி அடிப்பதில்லை, நாடாவால் மரத்தில் நெஞ்சுயரத்தில் கட்டுகிறோம். ஃபிளாஷ் கிடையாது, சத்தம் போடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் பதிவு செய்யும்படி வைத்தால் 64 ஜிபி கார்டு ஐந்து வாரம் தாங்கும். தொடர்ந்து பதிவு செய்தால் ஒரு நாளைக்கு எட்டு ஜிபிக்கு மேல் போய்விடும், ஒரு வாரத்தில் கார்டு நிறைந்துவிடும், அதனால்தான் இந்தக் கணக்கு. மைக் துளையில் எறும்பு மண் வைத்து அடைக்கும், உறைக்குள் ஈரம் கோக்கும், சிலிக்கா பொட்டலத்தை மாற்ற வேண்டும். இத்தனையும் எங்கள் வேலை. துறைக்கு இதில் ஒரு செலவும் இல்லை, ஓர் ஆள்கூட வேண்டாம்.

3. எங்களுக்கு மிகவும் வலிப்பது போன மழைக்காலம் பதிவில்லாமல் போனதுதான் ஐயா. இதை முந்தைய மனுக்களில் ஒரே வரியில் எழுதிவிட்டோம், அது எங்கள் தவறாகவும் இருக்கலாம், அதனால் இம்முறை விரிவாகவே எழுதுகிறோம்.

மழைக்காட்டில் தவளைகளைக் கண்ணால் பார்த்து எண்ண முடியாது. கட்டைவிரல் நகத்தின் அளவே இருக்கும் தவளை, இலைக்குப் பின்னால், இருட்டில், மழையில் உட்கார்ந்திருக்கிறது. குளத்தில் தலைப்பிரட்டையைத் தேடலாம் என்றால், புதர்த்தவளைகள் பலவற்றுக்கு அந்தப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளிருந்து நேரே குட்டித் தவளையாகவே வெளியே வரும். அவை இருப்பதற்குச் சாட்சி ஆண் தவளை எழுப்பும் குரல் மட்டும்தான். அந்தக் குரலும் வருடம் முழுக்கக் கேட்காது. மழை பிடித்த முதல் சில வாரம், சில இனங்களுக்கு முதல் சில இரவுகள் மட்டுமே. அந்த இரவுகளில் கருவி மரத்தில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் அடுத்த வருடம்தான்.

முதல் வருடத்துப் பதிவு ஒன்றைச் சொல்கிறோம், தாங்கள் எப்போது கேட்டாலும் போட்டுக் காட்டுகிறோம். பாலத்துக்குக் கீழே நான்காவது கருவி, மழை இறங்கிய முதல் இரவு. ஏழு மணிக்குச் சில்வண்டுகள் காதைத் துளைக்கின்றன. கணினியில் அந்த ஒலியைப் படமாக விரித்தால் மேலே தடித்த கறுப்புப் பட்டையாகத் தெரியும், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஏழரை வாக்கில் இலைகள்மேல் சொட்டுகள் விழுகின்றன, சில்வண்டு சட்டென்று நிற்கிறது. அடுத்த பதிவு முழுக்க மழை இரைச்சல். எட்டேகால் பதிவில், மழை ஓய்ந்து இலைகள் சொட்டிக்கொண்டிருக்கும்போது, ஒற்றைத் தவளை, டக் என்று ஒரு தரம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் இன்னொன்று பதில் சொல்கிறது. ஒன்பது மணிப் பதிவில் எண்ண முடியவில்லை, ஒன்றின் குரல் விட்ட இடைவெளியில் மற்றொன்று, அதற்கும் மேலே வேறொரு இனம், தூரத்தில் எங்கேயோ ஓர் ஆந்தை. எங்களில் ஒருவர், அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், ஹெட்போனைக் கழற்றாமல் நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த வருடம் குரல்கள் ஓடைக்கரையில் மட்டும். இரண்டாவது வருடம், துறை நட்ட கன்றுகள் இருக்கும் எதிர்ச்சரிவின் கீழ்ப்பாதியிலும், ஏழாவது எட்டாவது கருவிகளில், அதே தவளை கேட்டது. வெற்றுத் தரையாகக் கிடந்த இடம் அது! நீங்கள் நட்ட மரத்துக்குத் தவளை வந்துவிட்டது என்று சொல்லத்தான் அன்றைக்கு அலுவலகத்துக்கு ஓடி வந்தோம், அதற்கும் ஒரு கடிதம் கொடுத்தோம், அதுவும் அந்தக் கோப்பில்தான் இருக்கும். மூன்றாவது வருடம் மேல்பாதிக்கு ஏறினவா, இல்லை கீழேயே நின்றுவிட்டனவா, நிழல் போதவில்லையா? அதைச் சொல்ல வேண்டிய மழைக்காலத்தில் பன்னிரண்டு கருவிகளும் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தன. மழை பெய்த ஒவ்வொரு இரவும் நாங்கள் விழித்துக்கொண்டுதான் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் மழைச் சத்தம், காட்டுக்குள் அந்த நேரத்தில் என்ன கேட்கும் என்று எங்களுக்குத் தெரியும், பதிவாகவில்லை என்பதும் தெரியும்.

அடுத்த வருடம் பதிவு செய்தால் ஆகாதா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். இதற்கு கரீபியன் தீவான போர்ட்டோ ரிகோவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே கோகி என்று ஒரு சின்னத் தவளை, அதன் கூவலே அதற்குப் பெயர். பீட்டர் நேரின்ஸ் என்ற விஞ்ஞானி ஒரு மலைச்சாலையில் அடிவாரத்திலிருந்து உச்சிவரை அந்தக் கூவல்களைப் பதிவு செய்தார். 23 ஆண்டு கழித்து அதே சாலையில் திரும்பவும் பதிவு செய்தார். கூவலின் சுருதி கூடியிருந்தது, நீளம் குறைந்திருந்தது. முன்பு கீழே கேட்ட மாதிரியான குரல் இப்போது மேலே கேட்டது, காடு சூடாகிவருவதோடு அது பொருந்திப்போனது. 2014-ல் இதை வெளியிட்டார்கள். முதல் பதிவு இல்லாமல் இருந்திருந்தால் இரண்டாவது பதிவை வைத்து எதையும் சொல்லியிருக்க முடியாது. எங்களுடைய மூன்றாவது வருடம் அப்படிப் போய்விட்டது ஐயா, அதை யாராலும் திருப்பித் தர முடியாது, தாங்களே நினைத்தாலும் முடியாது. நான்காவதாவது போகாமல் இருக்கத்தான் இந்த மனு.

4. காட்டில் விலங்குகளைத் தானே படமெடுக்கும் காமிரா இருக்கிறதே என்கிறார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் காமிரா தன் முன்னால் சில மீட்டரில் நடந்துபோகும் உடம்பைத்தான் பார்க்கும். மர உச்சியில் இருக்கும் இருவாச்சியையோ, வௌவாலையோ, தவளையையோ, பூச்சியையோ பார்க்காது. 2023-ல் ஈக்வடாரின் சோக்கோ மழைக்காட்டில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. கொக்கோ தோட்டமாகவும் மேய்ச்சல் நிலமாகவும் இருந்து, பிறகு காடாகத் திரும்பிக்கொண்டிருக்கும் இடங்களில் ஒலிகளைப் பதிவு செய்து, காடு எவ்வளவு தூரம் மீண்டிருக்கிறது என்று அளந்து காட்டினார்கள். எதிர்ச்சரிவில் துறை செய்திருக்கும் வேலையும் அதேதானே? அந்த வேலைக்குக் கிடைக்கக்கூடிய நல்ல சான்றைத் துறையே வேண்டாம் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

5. கருவிகள் மனிதப் பேச்சைப் பதிவு செய்துவிடும் என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லும் ஆட்சேபம். இது நியாயமான கவலை, மறுக்கவில்லை. அதனால்தான் நடைபாதையிலிருந்தும் முகாமிலிருந்தும் தள்ளி வைக்கிறோம், பேச்சு கேட்கும் துண்டுகளை அழித்துவிடுகிறோம். வேண்டுமானால் துறையின் ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே அழிக்கிறோம். அபூர்வமான உயிரினம் எந்த மரத்தில் கேட்டது என்பதையும் வெளியே சொல்வதில்லை, வேட்டைக்காரனுக்கு வழிகாட்டிவிடக்கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். இதையெல்லாம் முதல் மனுவிலேயே எழுதிக் கொடுத்தோம். அதே கேள்வியை இரண்டாவது முறையும் கேட்டார்கள், மூன்றாவது முறையும் கேட்டார்கள். முதல் மனுவை யாராவது பிரித்துப் படித்தார்களா ஐயா?

6. துப்பாக்கிச் சத்தமும் மரம் அறுக்கும் மெஷின் சத்தமும் இதே கருவியில் விழும். காங்கோவின் நூவபாலே-இன்டோக்கி பகுதியில் காட்டு யானைகளின் குரலுக்காக 2017 முதல் சுமார் 1,250 சதுர கிலோமீட்டரில் 50 கருவிகளைப் பரப்பியிருக்கிறார்கள், வேட்டைத் துப்பாக்கிச் சத்தமும் அதில்தான் கிடைக்கிறது, ரோந்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரிகிறது. எங்கள் கருவி உடனே தகவல் அனுப்பாது, கார்டை எடுத்த பிறகுதான் தெரியும், இல்லாததைச் சொல்லி அனுமதி கேட்க விரும்பவில்லை. ஆனாலும் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்பது தெரிந்தால் காவலர்களுக்கு அது பெரிய உதவி. இரண்டாவது வருடம் பதினோராவது கருவியில் கேட்ட மெஷின் சத்தத்தின் பிரதியை அன்றைக்கே கொடுத்தோம். அதற்கும் பதில் இல்லை.

7. கழற்றிய அன்று பன்னிரண்டு மெமரி கார்டுகளையும் சரிபார்க்க என்று வாங்கி வைத்தார்கள். ரசீது இருக்கிறது. அதில் இரண்டாவது வருடத்துக் கடைசி ஐந்து வாரம் இருக்கிறது, நாங்கள் பிரதி எடுக்கவில்லை. போன மாதம் வந்தபோது இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில், பழுப்பு உறையில், ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிய நிலையில் பார்த்தோம். தொடவிடவில்லை. அந்த அறைச் சுவரில் ஈரம் இறங்குகிறது. தயவுசெய்து அதையாவது காய்ந்த இடத்தில் வையுங்கள். துறையே வைத்துக்கொள்ளட்டும், எங்களுக்குப் பிரதி போதும்.

8. கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே கேட்டால் கீழே வந்துவிட்டது என்றார்கள். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு வருடம் போய்விட்டது. முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதற்கு மேல் யாரிடம் போகலாம் என்று பார்க்கிறோம். பதிலே சொல்லாமல் மழையைக் கடத்திவிடுவதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

கோபத்தில் ஏதாவது மரியாதைக் குறைவாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. தங்கள் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. பாலம் வரை நடந்து வந்த அலுவலர் நீங்கள், அந்த நம்பிக்கையில்தான் திரும்பவும் எழுதுகிறோம்.

மழைக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. பன்னிரண்டு கருவிகளையும் கட்டி, ஒவ்வொன்றிலும் நேரம் சரிபார்த்து, பத்து நாள் ஓட்டிப் பார்க்க எங்களுக்கு இரண்டு வாரம் வேண்டும். எனவே மூன்று வாரத்துக்குள் அனுமதி தர வேண்டுகிறோம். பன்னிரண்டுக்கும் முடியாவிட்டால் ஏழிலிருந்து பத்து வரை, எதிர்ச்சரிவில் இருந்த அந்த நான்கு கருவிகளுக்கு மட்டுமாவது, இந்த ஒரு மழைக்காலத்துக்கு மட்டுமாவது அனுமதி கொடுங்கள். மேல்பாதியில் தவளை கூவுகிறதா என்று இந்த வருடமாவது தெரிய வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால்கூட அன்றைக்கே கட்டிவிடுகிறோம், உத்தரவு பிறகு வரட்டும்.

பேட்டரியெல்லாம் புதிதாக வாங்கி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ஓடைப் பகுதி ஒலிப்பதிவுத் தன்னார்வலர்கள்

இணைப்பு: பழைய அனுமதிக் கடிதத்தின் நகல், மூன்று மனுக்களின் நகல், மெமரி கார்டு ரசீதின் நகல், நான்காவது கருவியின் எட்டேகால் மணிப் பதிவு அடங்கிய பென் டிரைவ் (ஒரு நிமிடம்தான், தயவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள்)