நித்தியகல்யாணிக் கஷாயம் பரிந்துரைக்கும் காணொளிக்காரர்களுக்கு

அன்பர்களே, வணக்கம்.

கல்லூரியில் மருந்தியல் பாடம் எடுப்பவள் நான். புற்றுநோய் மருந்துகளைப் பற்றிப் பேசும்போது நித்தியகல்யாணியில்தான் தொடங்குவேன். அதனால் மூலிகையை மட்டம் தட்டும் கடிதம் இது என்று நினைத்துவிடாதீர்கள். நம் வேலியோரத்திலும் சுடுகாட்டு மேட்டிலும் பூத்துக் கிடக்கும் அந்தச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. 1960களின் தொடக்கத்தில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ரத்தப் புற்றுநோய் வகையில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதற்குக் காரணமான கூட்டு மருந்துகளில் வின்கிரிஸ்டினும் ஒன்று.

இந்தப் பெருமையைச் சொல்லிவிட்டு, "தினமும் காலையில் ஐந்து இலையைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், கீமோ தேவையில்லை" என்று முடிக்கிறீர்கள். என் வருத்தம் அந்த முடிவைப் பற்றியது.

அந்த மருந்து எப்படிக் கிடைத்தது என்பதை நீங்கள் சொல்வதே இல்லை. 1952இல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஓர் உறையில் இந்த இலைகள் வந்தன. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதைத் தேநீராகக் குடிப்பார்கள். மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அதன் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை பெரிதாகக் குறையவில்லை. அதையே ரத்தக் குழாயில் ஊசியாக ஏற்றியபோது, சில நாள்களில் எலிகள் நோய்த்தொற்றால் செத்தன. அவற்றின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்து போயிருந்தன. ரத்தப் புற்றில் கட்டுமீறிப் பெருகுவதும் பெரும்பாலும் வெள்ளணுக்கள்தான். வெள்ளணுவை வீழ்த்தும் பொருள் அதில் எது என்று தேடி, அவரும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். குடித்தபோது பலிக்காதது ஊசியில்தான் தெரிந்தது. நீங்கள் சான்றாகக் காட்டும் மருந்தின் வரலாறே கஷாயத்துக்கு எதிராக நிற்கிறது.

அளவையும் பாருங்கள். 1 கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க ஏறக்குறைய 2,000 கிலோ காய்ந்த இலை தேவை. பெரியவர்களுக்கு ஒரு தடவை ஏற்றுவது வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டாது; அந்த ஓர் ஊசிக்கே 4 கிலோ சருகு வேண்டும். இலையிலோ நூற்றுக்கும் மேற்பட்ட வேறு ஆல்கலாய்டுகளும், அதாவது செடியே உண்டாக்கும் வீரியமான வேதிப்பொருள்களும், கலந்திருக்கின்றன. ஊசி மருந்து ரத்தக் குழாயை விட்டுக் கசிந்தால் சதை வெந்துபோகும். தவறித் தண்டுவடத்தில் ஏற்றினால் உயிர் போய்விடும். இவ்வளவு கடுமையான நஞ்சை உடல் எடைக்கும் உயரத்துக்கும் கணக்கிட்டு, ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

புற்றுநோய்க்கு மருந்தென்று சொல்லப்படும் முள் சீத்தா பற்றியும் ஒரு வார்த்தை. ஆய்வகத் தட்டில் அதன் சாறு புற்றுச் செல்லைக் கொன்றது உண்மை. தட்டில் எதையும் கொல்லலாம். உப்பை அள்ளிப் போட்டாலும் செல் சாகும். ஆனால் கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில், பார்க்கின்சன் நோயைப் போன்ற ஆனால் அதன் மருந்துக்குக் கட்டுப்படாத நரம்புக் கோளாறு பலரிடம் இருப்பதை 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். முள் சீத்தாப் பழத்தையும் இலைத் தேநீரையும் தொடர்ந்து எடுத்ததோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். முள் சீத்தாவிலுள்ள அனோனாசின் என்ற வேதிப்பொருள் நரம்புச் செல்களை அழிப்பது பின்னர் ஆய்வகத்தில் தெரிந்தது. உங்கள் காணொளிகளில் இந்தத் தகவல் இடம்பெற்று நான் பார்த்ததில்லை.

உங்களை நம்பிக் கேட்பவர்கள் பயந்துபோன மனிதர்கள். கையில் பணமில்லாத தந்தை, முடி உதிர்ந்த மகளைப் பார்க்க முடியாத தாய். கீமோவை நிறுத்து என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கும் நேரத்தில் உங்கள் குரல் அவர்களை எட்டுகிறது. ரத்தப் புற்றில் சில வாரத் தாமதமே ஒரு குழந்தையின் வாய்ப்பைப் பறித்துவிடும்.

ஆகவே கேட்கிறேன். சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் காணொளிகளை நீக்குங்கள். செடியைப் பற்றிப் பேசுங்கள், ஜமைக்காக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். நம் தென் மாவட்டங்களில் அதைப் பயிரிடும் விவசாயிகளையும் காட்டுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஏதாவது கஷாயம் குடிப்பவர்கள் அதை ஒளிக்காமல் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு காணொளியின் தொடக்கத்திலும் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கும் இடமுண்டு என்பதையும், அதற்கு விண்ணப்பிக்கும் வழியையும் சேர்த்துச் சொன்னால் அந்தத் தந்தைக்கு உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு மருந்தியல் ஆசிரியை