பதினான்கு நாள் எங்கள் வாசலுக்கு வந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையில் முழு ஊரடங்கு நடைமுறையில் இருந்த நாள்களில், என் கணவருக்குக் கொரோனா உறுதியாகி அவரைச் சிகிச்சை மையத்துக்கு அழைத்துச் சென்றபின், மாமியாரும் நானும் இரு பிள்ளைகளும் வீட்டுத் தனிமையில் இருந்தபோது எங்களைக் கவனித்துக்கொண்ட உங்கள் அனைவருக்கும் இம்மடல்.

முதல் நாள், 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதே' என்று கதவில் தாள் ஒட்டி, கேட்டை மறைத்துத் தகரம் அடித்தார்கள். ஆணி அடிக்கும் சத்தத்துக்கு எதிர்வீட்டு ஜன்னல்கள் சாத்தப்படுவதை மாமியார் பார்த்துக்கொண்டே நின்றார். குற்றம் செய்தவர்களைப்போல் கூசிப்போனோம். உரிய அதிகாரியின் உத்தரவின்றி அப்படித் தாள் ஒட்டக் கூடாது என்று அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தாமதமாகவேனும் எங்களைப் பற்றி யாரோ பேசியதாகவே உணர்ந்தேன்.

ஆனால் மறுநாள் காலையில் அதே அரசின் பெயரால்தான், கழுத்தில் அடையாள அட்டையுடன், காய்ச்சல் கணக்கெடுக்கும் களப்பணியாளராக நீங்கள் வந்தீர்கள், அம்மா. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட பிறகே இருமல் உண்டா என்று கேட்டீர்கள். தகரத்துக்கும் தூணுக்கும் இடையில் இருந்த நான்கு விரல் இடைவெளியில் மாமியார் கையை நீட்ட, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, எண்ணை உரக்கப் படித்து நோட்டில் குறித்துக்கொள்வீர்கள். ஐந்தாம் நாள் அது 91 காட்டியது. 108க்கு நீங்களே அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை நடுவெயிலில் தெருவிலேயே நின்றீர்கள். மாமியார் பிழைத்து வீடு திரும்பியது அதனால்தான்.

இந்த வேலைக்கு வருவதால் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னீர்கள். என் கவலையிலேயே மூழ்கியிருந்த நான் ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதற்காக இங்கே மன்னிப்புக் கேட்கிறேன்.

மஞ்சள் பையில் கட்டிவைத்த குப்பையை முகம் சுளிக்காமல் எடுத்துச் சென்ற தூய்மைப் பணியாளருக்கும், பாலும் காய்கறியும் மருந்தும் வாங்கிவந்து மீதிச் சில்லறையைக் காகிதத்தில் மடித்து வைத்துப்போன தன்னார்வலத் தம்பிக்கும் எங்கள் நன்றி.

இந்தப் பக்கம் எப்போது வந்தாலும் நீங்கள் எல்லோரும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று மாமியார் எழுதச் சொன்னார்.

நன்றியுடன்,
அந்தத் தகரம் அடித்த வீட்டுக்காரர்கள்