வட்டக் கிளை ஆண்டறிக்கை: களப்பணியும் நம் சோர்வும்

தலைவர் அவர்களுக்கும் சகோதரிகள் அனைவருக்கும் வணக்கம்.

கிராம சுகாதார செவிலியர்களின் நம் வட்டக் கிளை இந்த ஆண்டும் நிர்வாகக் குழுவைத் தவறாமல் கூட்டியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு எனக்கு வந்த போன்களில் பெரும்பாலானவை இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்தவை. சம்பளம், இடமாறுதல் பற்றிப் பேசியவர்கள் குறைவு. "அக்கா, முடியலை" என்றுதான் பலர் ஆரம்பித்தார்கள்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. பக்கத்து நிலையத்தில் ஆள் இல்லையென்றால் அதுவும் 'கூடுதல் பொறுப்பு' என்று நம்மிடம் வரும். புதன்கிழமை தடுப்பூசி நாள். இரண்டு ஊருக்கும் அதே புதன்கிழமைதான். பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். அப்புறம் பிக்மி பதிவு, அதாவது கர்ப்பிணி, குழந்தை விவரங்களை அரசின் இணையதளத்தில் ஏற்றுவது. பகலில் சிக்னல் கிடைக்காத ஊர் என்றால் சமையல் முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியின் தவணை வரத் தாமதமானால் வீட்டார் சண்டைக்கு வருவதும் நர்சம்மாவிடம்தான்.

ஒன்றை எழுதத் தயங்கினேன், ஆனாலும் சொல்லியாக வேண்டும். நம் உறுப்பினர் ஒருவர் மாதாமாதம் பார்த்துவந்த கர்ப்பிணி இறந்துபோனார். ரத்த அழுத்தம் ஏறியதைக் குறித்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியும் வைத்திருந்தார் அந்தச் சகோதரி. ஆய்வுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். மறுநாள் அவர் அதே வீட்டுக்குப் போக வேண்டும், குழந்தைக்கு அன்று ஏழாம் நாள். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. இருவருமாக உள்ளே போனோம். குழந்தையின் பாட்டி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டோம்: மரணம் நடந்த வீட்டுக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது, கிளையிலிருந்து ஒருவர் கூடப் போக வேண்டும். இந்த ஆண்டில் நாம் செய்தவற்றில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சோர்வு என்று சொன்னால் யோகா வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள். யோகா நல்லதுதான். ஆனால் 2019-இல் உலக சுகாதார நிறுவனமே பணிச்சோர்வை ஒரு நோயாகச் சொல்லவில்லை. தீர்க்கப்படாமல் நீடிக்கும் வேலை நெருக்கடியால் வரும் நிலை என்றே வகைப்படுத்தியது. காலிப் பணியிடத்தை நிரப்பாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்தால் எப்படிச் சரியாகும்?

பாதுகாப்பு பற்றி. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி, அந்த வேலையைச் செய்ததற்காகவே 1992-இல் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவரும் நம்மைப் போல ஊருக்குள் நடந்து வேலை பார்த்தவர். அவருக்கு நேர்ந்ததையொட்டிய வழக்கில்தான் 1997-இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது, அதன் தொடர்ச்சியாக 2013-இல் பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி, வேலைக்காக நாம் போகும் வீடும் பணியிடம்தான். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் சகோதரிகளும் இன்று வந்திருக்கிறார்கள். பெயர் தன்னார்வலர், உழைப்பு நம்முடையதைப் போன்றதுதான். அவர்கள் கோரிக்கையையும் நம் மனுவில் சேர்க்க நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டது.

கூடுதல் பொறுப்பு பார்ப்பவர்கள் நிலையத்தின் பெயர், எத்தனை மாதமாகப் பார்க்கிறீர்கள் என்ற விவரம் இரண்டையும் இன்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த வாரம் மனுவோடு இணைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கிளைச் செயலாளர்